மாடி அறைக் கணினிக்கு நெட் எட்டவில்லையா? எக்ஸ்டெண்டர் வைத்த வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தெருவுக்கு ஃபைபர் இணைப்பு வந்ததிலிருந்து அக்கம்பக்கத்தில் யார் வீட்டில் நெட் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். போய்ப் பார்த்தால் காட்சி ஒன்றேதான். மோடம் கீழே வாசல் பக்கம். கணினி மாடியில் பின்னறையில். நடுவில் எங்கோ ஓர் எக்ஸ்டெண்டர். எல்லா விளக்கும் எரிகிறது, நெட் மட்டும் வரவில்லை. திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே இங்கே எழுதிவைத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். ‘மோடம்’ என்று நான் எழுதுவது, இணைப்பு கொடுக்க வந்தவர்கள் சுவரில் மாட்டிவிட்டுப் போன பெட்டியை.

எக்ஸ்டெண்டர்னா என்ன பண்ணும்? நெட்டை இன்னும் வேகமாக்குமா?

வேகமாக்காது. தூரத்தை மட்டும் கூட்டும். மோடம் அனுப்புவதைத் தான் வாங்கி, அதையே மறுபடி தன் இடத்திலிருந்து அனுப்பும். கணினி அனுப்புவதையும் அப்படியே வாங்கி மோடத்துக்குக் கொடுக்கும்.

ஆகவே எக்ஸ்டெண்டர் வைத்த வீட்டில் கணினிக்கும் மோடத்துக்கும் நடுவே இருப்பது ஒரு வைஃபை இணைப்பு அல்ல, இரண்டு. மோடத்திலிருந்து எக்ஸ்டெண்டர் வரை முதல் தாவல். எக்ஸ்டெண்டரிலிருந்து கணினி வரை இரண்டாம் தாவல். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இதைப் பிடித்துக்கொண்டுதான் போகின்றன. எந்தத் தாவலில் பழுது என்று தெரியாமல் செட்டிங்கில் கை வைக்காதீர்கள். இருக்கிற நல்லதும் கெட்டுவிடும்.

கம்ப்யூட்டர்ல சிக்னல் ஃபுல்லா காட்டுது, ஆனா ஒரு பக்கம்கூட திறக்க மாட்டேங்குதே?

கணினியில் தெரியும் கோடுகள் இரண்டாம் தாவலை மட்டுமே காட்டுகின்றன. எக்ஸ்டெண்டர் அதே அறையில் இருந்தால் கோடுகள் எப்போதும் நிறைந்துதான் இருக்கும். மோடத்திலிருந்து எக்ஸ்டெண்டருக்கு ஏதாவது வருகிறதா என்பது அந்தக் கோடுகளுக்குத் தெரியாது. மேல்தொட்டியில் தண்ணீர் ஏறாமல் இருக்கும்போது குளியலறைக் குழாயைப் பார்த்துப் பயனில்லை அல்லவா, அதே கதைதான்.

முதல் தாவலைக் காட்டுவது எக்ஸ்டெண்டரில் உள்ள விளக்கு. பல எக்ஸ்டெண்டர்களில் மோடத்தோடு நல்ல தொடர்பு இருந்தால் பச்சையோ நீலமோ எரியும். பலவீனமாக இருந்தால் ஆரஞ்சு அல்லது சிவப்பு. கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும் என்பதால் கூட வந்த தாளை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பக்கம் பழுதுன்னு நானே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஒரு மொபைல் போதும். அதில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சிம்மில் வரும் நெட்டை வைஃபை என்று நினைத்து ஏமாந்துபோவோம். மோடத்தின் பக்கத்தில் நின்று மோடத்தின் பெயரில் இணையுங்கள். அங்கேயே வரவில்லை என்றால் வீட்டுக்குள் எதையும் தொட வேண்டாம், இணைப்பு கொடுத்தவரைக் கூப்பிடுங்கள். வந்தால், எக்ஸ்டெண்டர் அருகே போய் அதன் பெயரில் இணையுங்கள். இங்கே வராவிட்டால் பழுது முதல் தாவலில். இங்கே வந்து, கணினி மேசைமேல் மொபைலை வைத்தால் வராவிட்டால் இரண்டாம் தாவல். மேசையிலும் மொபைலுக்கு வந்து கணினிக்கு மட்டும் வரவில்லை என்றால் குறை கணினியில்.

இன்னும் துல்லியமாகத் தெரிய வேண்டுமா? விண்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, பிங் கட்டளையை (ஒரு முகவரியிலிருந்து பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டுவது) மோடத்தின் முகவரிக்குக் கொடுங்கள். அது பெரும்பாலும் 192.168.1.1 ஆக இருக்கும். மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் பார்க்கலாம். பதில் ஒற்றை இலக்க மில்லி செகண்டுகளில் சீராக வந்தால் இரண்டு தாவலும் நலம். 5, 8, 640, பிறகு பதிலே இல்லை என்று துள்ளினால் காற்றுவழியில் கோளாறு. அடுத்து 8.8.8.8-க்குக் கொடுங்கள், அது கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வர், அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றிச் சொல்லும் கணினி. மோடம் பதில் தந்து இது தராவிட்டால் சிக்கல் வீட்டுக்கு வெளியே. இரண்டும் தந்தும் தளங்கள் திறக்காவிட்டால் டிஎன்எஸ் செட்டிங்கைப் பாருங்கள்.

எக்ஸ்டெண்டரை எங்க மாட்டணும்? பையன் ரூம்லதான் நெட் வேணும், அதனால அங்கேயே மாட்டியிருக்கோம்.

நான் பார்க்கும் பழுதுகளில் அதிகமானது இதுதான். சிக்னல் வராத அறையில் எக்ஸ்டெண்டரை மாட்டினால் அதற்கும் சிக்னல் வராது. வராததை அது எப்படித் திருப்பி அனுப்பும்? மோடத்தின் சிக்னல் இன்னும் நன்றாக இருக்கிற, ஆனால் அறைப்பக்கம் பாதி தூரம் வந்துவிட்ட இடம் வேண்டும். மாடி வீடுகளில் அது பெரும்பாலும் படிக்கட்டுத் திருப்பம். கான்கிரீட் தளத்துக்குள் கம்பி வலை இருப்பதால் நேர் மேலே சிக்னல் ஏறுவது கடினம். படிக்கட்டுத் திறப்பு வழியாகச் சுலபமாக ஏறும்.

இடம் தேர்ந்தெடுக்க, சிக்னல் அளவைக் காட்டும் ஏதாவது ஓர் இலவச செயலியை மொபைலில் போட்டுக்கொண்டு பிளக் பாயிண்ட் அருகே பிடித்துப் பாருங்கள். எண் கழித்தல் குறியோடு வரும். -50 என்றால் அருமை, -65 வரை எக்ஸ்டெண்டருக்குப் போதும், -75 என்றால் அந்த இடம் வேண்டாம்.

சுற்றி என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்பூச்சு, மீன்தொட்டி இவையெல்லாம் சிக்னலைத் தடுக்கும் அல்லது திருப்பிவிடும். நம் வீடுகளில் பிளக் பாயிண்ட் கட்டிலுக்குப் பின்னாலோ பீரோவுக்குப் பின்னாலோதான் மாட்டிக்கொள்ளும். ஒரு வீட்டில் எக்ஸ்டெண்டரின் விளக்கு மாதக்கணக்காக ஆரஞ்சிலேயே நின்றது. பீரோவின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளியில், ஒட்டடைக்குள் சொருகியிருந்தார்கள். அதைப் பிடுங்கி, ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்து மாடிப்படித் திருப்பத்தில் நெஞ்சு உயரத்துக்கு ஏற்றினேன். இரண்டு நிமிடத்தில் விளக்கு பச்சையானது. செட்டிங் எதையும் தொடவில்லை.

மோடம் பக்கத்துல 90 வருது, மாடியில 40கூட வரலையே. எக்ஸ்டெண்டர் டூப்ளிகேட்டா?

இல்லை, அதன் வேலை முறையே அப்படி. விலை குறைந்த எக்ஸ்டெண்டரில் ஒரே ரேடியோதான் இருக்கும். மோடம் சொல்வதை வாங்கும் நேரத்தில் அதனால் கணினியிடம் பேச முடியாது. கணினியிடம் பேசும்போது மோடத்தைக் கேட்க முடியாது. ஒவ்வொரு செய்தியும் அதே சேனலில் (வைஃபை பேசும் அலைவரிசைத் துண்டில்) இருமுறை பயணிப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். 90-இல் 40 வந்தால் அது ஒழுங்காக வேலை செய்கிறது என்றுதான் பொருள். இரண்டு பட்டைகளிலும் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ்; அடுத்த கேள்வியில் சொல்கிறேன்) வேலை செய்யும் எக்ஸ்டெண்டர் வாங்கி, மோடத்தோடு ஒரு பட்டையிலும் கணினியோடு மற்றொன்றிலும் பேச வைத்தால் இந்த இழப்பு குறையும்.

பெட்டிமேல் 300 என்று போட்டிருப்பது ரேடியோவின் உச்ச வேகம். நம் கைக்கு வருவது எப்போதும் அதைவிட நன்றாகக் குறைவு. இன்னொன்று: இணைப்பின் வேகம் மெகாபிட்டில் சொல்லப்படுகிறது, டவுன்லோடு பெரும்பாலும் மெகாபைட்டில் காட்டப்படுகிறது. 8 பிட் ஒரு பைட். 100 எம்பிபிஎஸ் பிளானில் டவுன்லோடு 12-ஐத் தொட்டால் முழு வேகமும் வந்துவிட்டது.

வைஃபை பேர் ரெண்டு தெரியுது. ஒண்ணுல பின்னாடி 5ஜி-ன்னு இருக்கே, அது மொபைல் 5ஜி தானே?

அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வைஃபை பெயரில் வரும் 5ஜி என்பது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பட்டை. மற்றது 2.4 கிகாஹெர்ட்ஸ். 2.4 தூரம் போகும், சுவரை ஓரளவு தாண்டும், வேகம் குறைவு. 5 வேகமானது, ஆனால் இரண்டு சுவருக்குப் பிறகு களைத்துவிடும். எக்ஸ்டெண்டர் இருக்கும் அறையிலேயே கணினி இருந்தால் 5-இல் இணையுங்கள். அடுத்த அறை என்றால் இரண்டையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மொபைலில் 5ஜி பெயர் தெரிந்து கணினியில் தெரியாவிட்டால், கணினியில் உள்ள வைஃபை அட்டை 2.4 மட்டுமே பிடிக்கும் பழைய வகையாக இருக்கலாம். யூஎஸ்பி-யில் சொருகும் இரட்டைப் பட்டை டாங்கிள் ஒன்று வாங்கினால் தீர்ந்தது.

காரைக்குடிப் பக்கம் பழைய வீடு. முகப்புல மோடம், இரண்டாங்கட்டுல கம்ப்யூட்டர். வரிசையா மூணு எக்ஸ்டெண்டர் மாட்டினா வந்துடுமா?

வரும், ஆனால் பயன்படாது. ஓர் எக்ஸ்டெண்டருக்கே வேகம் பாதி என்று மேலே சொன்னேன். ஒன்றிலிருந்து ஒன்று என்று மூன்றைக் கோத்தால் கடைசியில் மின்னஞ்சல் பார்க்கலாம், வீடியோ வகுப்பு ஓடாது. ஒன்றுக்கு மேல் வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் நேரே மோடத்திடமிருந்தே வாங்கும்படி வையுங்கள்.

இந்த வகை வீடுகளுக்கு ஒரு நல்ல வசதி உண்டு: வானம் பார்த்த வளவு. சுண்ணாம்பும் செங்கலுமாய்த் தடித்த சுவர்களை உடைத்துக்கொண்டு போவதைவிட வளவின் திறந்த வெளியைத் தாண்டுவது சிக்னலுக்கு எளிது. முகப்பிலிருந்து வளவுக்குள் கண் எட்டும் கோட்டில், மழைச்சாரல் படாத தாழ்வாரத்தில் எக்ஸ்டெண்டரை வைத்துப் பாருங்கள். நிரந்தரமாகத் தீர வேண்டுமென்றால் கேபிள்தான். ஈதர்நெட் கேபிளை 100 மீட்டர் வரை ஒரே இழுப்பாக இழுக்கலாம்; ஒரு தெருவில் வாசலும் மறு தெருவில் கொல்லையும் இருக்கிற வீட்டுக்கும் பெரும்பாலும் அது போதும். மரத்தூணில் ஆணி அடிக்க வேண்டியதில்லை. கரண்ட் ஒயருக்கு ஏற்கெனவே போட்ட பட்டையின் ஓரமாக, சற்று இடைவெளி விட்டு, தனிப் பட்டையில் கொண்டுபோகலாம்.

கரண்ட் போய் வந்தா மாடியில நெட் வர்றதே இல்ல. தினமும் எக்ஸ்டெண்டரைப் பிடுங்கி மாட்டணுமா?

கரண்ட் வந்ததும் இரண்டும் ஒரே நேரத்தில் விழிக்கின்றன. எக்ஸ்டெண்டர் சட்டென்று தயாராகி மோடத்தைத் தேடுகிறது. ஃபைபர் மோடம் முழுதாக எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகும். சில எக்ஸ்டெண்டர்கள் தேடிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிடுகின்றன. அவசரத்துக்கு, மோடம் எழுந்த பிறகு எக்ஸ்டெண்டர் சுவிட்சை அணைத்துப் போடுங்கள். அதன் மென்பொருளுக்குப் புதுப்பிப்பு வந்திருந்தால் போட்டுப் பாருங்கள்; சில மாடல்களில் இது அதோடு சரியாகிறது.

மோடத்துக்கு மினி யூபிஎஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மோடம் 12 வோல்ட்டில் ஓடும், மினி யூபிஎஸ் அதற்குப் போதும். சுவரில் சொருகும் எக்ஸ்டெண்டருக்கு 230 வோல்ட் வேண்டும். கரண்ட் போனால் அது அணைந்துவிடும். இன்வெர்ட்டர் லைனில் உள்ள பிளக் பாயிண்டுக்கு அதை மாற்றுங்கள். அல்லது அடாப்டரோடு வரும், 12 வோல்ட்டில் ஓடும் வகையை வாங்கி அதற்கும் ஒரு மினி யூபிஎஸ் வையுங்கள்.

பாஸ்வேர்டு மாத்தினோம், அன்னையிலேர்ந்து மாடியில மட்டும் நெட் இல்ல.

எக்ஸ்டெண்டர் இன்னும் பழைய பாஸ்வேர்டையே வைத்துக்கொண்டிருக்கிறது. முதல் தாவல் அறுந்துவிட்டது. ரீசெட் துளையில் ஊசியை வைத்துப் பத்து விநாடி அழுத்தி, புதிதாக இணையுங்கள். இரண்டிலும் டபிள்யூபிஎஸ் பொத்தான் (பாஸ்வேர்டு அடிக்காமலே இணைப்பது) இருந்தால் மோடத்தில் அழுத்தி, இரண்டு நிமிடத்துக்குள் எக்ஸ்டெண்டரிலும் அழுத்துங்கள். நேரம் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து.

மொபைல்ல சூப்பரா வருது, அதே மேசையில கம்ப்யூட்டர்ல மட்டும் வரலைண்ணே.

மூன்றாம் கேள்வியின் சோதனையைச் செய்துவிட்டீர்கள், நல்லது. குறை கணினியில். முதலில் அந்த வைஃபை பெயரை ‘மறந்துவிடு’ கொடுத்து, பாஸ்வேர்டு போட்டு மறுபடி இணையுங்கள். அடுத்து டிவைஸ் மேனேஜரில் வைஃபை அட்டையைத் திறந்து, மின்சாரம் மிச்சப்படுத்த இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். சிறிது நேரம் சும்மா விட்டால் நெட் அறுந்துபோகும் லேப்டாப்களில் பலவற்றுக்கு இதுவே மருந்து.

மேசைக் கணினி என்றால் பின்பக்கம் குனிந்து பாருங்கள். டாங்கிள் எங்கே இருக்கிறது? இரும்புப் பெட்டிக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி, பக்கத்துத் துளையில் வெளி ஹார்டு டிஸ்க். யூஎஸ்பி 3.0 கருவிகளும் கேபிள்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலேயே இரைச்சல் கிளப்பும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து வெளியிட்டது. ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்பு ஒயர் வாங்கி, டாங்கிளை மேசைமேல் மானிட்டர் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். புது டாங்கிள் வாங்கப் பணம் எடுத்துவைத்திருந்த வீடுகளில் இந்த ஒயரோடு வேலை முடிந்திருக்கிறது.

கனெக்ட் ஆகுது, ஆனா ஐபி அட்ரஸ் 169.254-ன்னு ஆரம்பிக்குது. அது சரியான நம்பரா?

இல்லை. மோடம் முகவரி கொடுக்காதபோது விண்டோஸ் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் எண் அது. எக்ஸ்டெண்டர் வரை கணினி போய்விட்டது, மோடம் வரை போகவில்லை. பெரும்பாலும் முதல் தாவல்தான் காரணம். விளக்கைப் பாருங்கள், மோடத்தையும் எக்ஸ்டெண்டரையும் வரிசையாக அணைத்துப் போடுங்கள்.

விளக்கு பச்சையாக இருந்தும் இப்படி வந்தால் மோடத்தில் மேக் ஃபில்டர் (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள மேக் என்ற அடையாள எண்ணைப் பார்த்து, அனுமதித்தவற்றை மட்டும் விடுவது) போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். பல எக்ஸ்டெண்டர்கள் தம் வழியாக வரும் கணினியின் மேக் முகவரியை வேறொன்றாக மாற்றி மோடத்துக்குக் காட்டும். கணினியின் சொந்த முகவரியை நீங்கள் அனுமதித்திருந்தாலும் மோடம் அந்நியனாக நினைத்து முகவரி தர மறுக்கும். மோடத்தின் பட்டியலில் தெரியும் அந்த மாற்று முகவரியையும் அனுமதியுங்கள், அல்லது ஃபில்டரை எடுத்துவிடுங்கள். நல்ல பாஸ்வேர்டு இருந்தால் அந்த ஃபில்டர் அவசியமில்லை என்பது என் கருத்து.

பழைய ரூட்டர் ஒண்ணு சும்மா கிடக்கு. அதையே மாடியில போடலாமா?

கேபிள் இழுக்க முடிந்தால் தாராளமாகப் போடுங்கள். விலை கொடுத்து வாங்கும் எக்ஸ்டெண்டரைவிட இது மேல். முதல் தாவல் காற்றில் இல்லாமல் கம்பியில் போவதால் வேகம் பாதியாகாது. ரூட்டரில் ஆக்சஸ் பாயிண்ட் மோடு (முகவரி கொடுக்காமல் வைஃபை மட்டும் தரும் முறை) இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் மூன்று வேலை: அதன் முகவரியை 192.168.1.2 என்பதுபோல் மோடத்தோடு மோதாத எண்ணுக்கு மாற்றுங்கள், அதன் டிஹெச்சிபி-யை (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலையை) அணையுங்கள், மோடத்திலிருந்து வரும் கேபிளை வேன் (WAN) துளையில் அல்ல, லேன் (LAN) துளை ஒன்றில் சொருகுங்கள்.

டிஹெச்சிபி-யை அணைக்காமல் விட்டால் வீட்டில் இருவர் முகவரி கொடுக்க ஆரம்பிப்பார்கள். யாரிடம் எது வாங்கியது என்பதைப் பொறுத்து சில கருவிகளுக்கு நெட் வரும், சிலவற்றுக்கு வராது. காலையில் வந்தது மாலையில் வராது. காரணம் தெரியாமல் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை இதில் போயிருக்கிறது எனக்கு.

லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு மாடிக்குப் போனா, கீழ இருக்கிற ஒத்தைக் கோட்டு சிக்னலையே பிடிச்சுத் தொங்குதே?

எதில் இணைவது என்று கடைசியில் முடிவெடுப்பது லேப்டாப்தான், மோடமோ எக்ஸ்டெண்டரோ அல்ல. கையில் இருக்கும் இணைப்பு அறுகிற வரை அது விடாது. இன்டெல் அட்டை உள்ள லேப்டாப்பில், டிவைஸ் மேனேஜரில் அட்டையின் அட்வான்ஸ்டு பகுதியில் ‘ரோமிங் அக்ரெசிவ்னெஸ்’ என்று ஒன்று இருக்கும். அதை ஒரு படி கூட்டுங்கள். உச்சத்தில் வைக்காதீர்கள், இரண்டுக்கும் நடுவே ஊசலாடத் தொடங்கிவிடும். இடம் மாறாத மேசைக் கணினிக்கு எளிய வழி, எக்ஸ்டெண்டருக்கு வேறு பெயர் வைத்து அதில் மட்டும் இணைப்பது.

மெஷ் வாங்கினா எல்லாம் தீருமா?

மெஷ் என்பது ஒரே பெயரில் சேர்ந்து வேலை செய்யும் பல வைஃபை பெட்டிகள். லேப்டாப் இடம் மாறும்போது சரியான பெட்டிக்கு மாறுமாறு நினைவூட்டுவதில் மெஷ் உண்மையிலேயே நல்லது. ஆனால் நான்காம் கேள்வியில் சொன்ன இட விதி அதற்கும் பொருந்தும். பீரோவுக்குப் பின்னால் வைத்தால் மெஷ்ஷும் திணறும். பெட்டிகளைக் கேபிளால் இணைக்க முடிந்தால் காசுக்கு மதிப்பு. ஓர் அறையில் ஒரே ஒரு கணினிக்காக மட்டும் என்றால் நான் சொல்வது கேபிளும் பழைய ரூட்டரும்தான்.

அபார்ட்மெண்ட்ல இருக்கோம். பகல்ல பரவாயில்ல, ராத்திரி எட்டு மணிக்கு மேல சுத்திக்கிட்டே இருக்கு.

சுற்றியிருக்கும் வீடுகளின் வைஃபையும் அப்போது உச்சத்தில் ஓடுகிறது. 2.4 பட்டையில் இங்கே 13 சேனல்கள் இருந்தாலும் ஒன்றோடொன்று உரசாதவை 1, 6, 11 மட்டும்தான். சிக்னல் செயலியில் இந்த மூன்றில் எதில் கூட்டம் குறைவு என்று பார்த்து மோடத்தை அதில் நிறுத்துங்கள்; சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸுக்குக் குறையுங்கள். சேனலை மோடத்தில்தான் மாற்ற வேண்டும். அதோடு பேசும் பட்டையில் எக்ஸ்டெண்டர் அதன் சேனலையே பின்பற்றும். கேபிளில் ஓடும் பழைய ரூட்டர் என்றால் அதற்கு வேறு சேனல் கொடுங்கள்.

இரவில் கேபிளிலேயே மெதுவாக இருந்தால் அது வைஃபை விஷயம் அல்ல. மோடத்தில் கேபிள் சொருகி ஒருமுறை சோதித்துவிட்டு இணைப்பு கொடுத்தவரிடம் பேசுங்கள்.

புது மோடம் மாத்திக் கொடுத்தாங்க. எல்லாத்துக்கும் வருது. அமெரிக்காவிலேர்ந்து மகன் கொண்டுவந்த லேப்டாப்புல மட்டும் பேரே தெரியல.

மோடம் 12 அல்லது 13-ஆம் சேனலில் நிற்கிறதா பாருங்கள். அமெரிக்காவுக்கென்று அமைத்த அட்டைகள் பலவும் 11-க்கு மேல் தேடாது. மோடத்தை 1, 6, 11-இல் ஒன்றுக்கு மாற்றியதும் பெயர் தெரியும்.

பெயர் தெரிந்து, பாஸ்வேர்டைச் சரியாகப் போட்டும் ஏற்காவிட்டால் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். 2018-இல் வந்த டபிள்யூபிஏ3 பழைய அட்டைகள் பலவற்றுக்குத் தெரியாது. பழைய எக்ஸ்டெண்டர்களுக்கும் அப்படியே. டபிள்யூபிஏ2-வும் 3-உம் கலந்த முறையில் வைத்தால் பெரும்பாலும் இரண்டு தலைமுறையும் இணையும். கலந்த முறையிலும் தடுமாறினால் 2-இல் வையுங்கள்.

எப்பவாவது திடீர்னு ஒரு நிமிஷம் நெட் போய்த் தானா வருது. விளக்கு, ஒயர் எல்லாம் பார்த்தாச்சு.

5 கிகாஹெர்ட்ஸில் இணைத்திருந்தால் சேனல் எண்ணைப் பாருங்கள்; விண்டோஸில் வைஃபை ப்ராப்பர்ட்டீஸில் தெரியும். இந்தப் பட்டையில் 52 முதல் 144 வரையிலான சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. ரேடார் போன்ற ஒன்று கேட்டதாகத் தோன்றினால் மோடம் உடனே அந்தச் சேனலை விட்டு விலகும். இதே வகைச் சேனல் இன்னொன்றுக்குப் போனால் அங்கேயும் குறைந்தது 60 விநாடி காது கொடுத்துவிட்டுத்தான் பேசும். அதுவரை எக்ஸ்டெண்டர் மோடத்தைத் தேடிக்கொண்டிருக்கும், மாடியில் நெட் இருக்காது.

மோடத்தின் செட்டிங்கில் 5 பட்டையின் சேனல் ‘ஆட்டோ’வில் இருந்தால் அதை 36, 40, 44, 48-இல் ஒன்றுக்கோ, 149 முதல் 161 வரையுள்ள ஒன்றுக்கோ மாற்றி நிறுத்துங்கள். இங்கே ரேடார் காத்திருப்பு கிடையாது. மாற்றியபின் எக்ஸ்டெண்டரை ஒருமுறை அணைத்துப் போட்டு, அதன் விளக்கு பச்சைக்கு வருகிறதா என்று நின்று பாருங்கள்.